ஹரீஷுக்கு மட்டும்

"துணிமணியை எடுத்துக்கினு வா. ஊருக்குப் போலாம்" என்றார் முனிவேல்.

தர்ஷினி முழித்தாள். "நாளைக்கு ஸ்கூல் இருக்குப்பா."

"தெரியும். எடுத்துக்கினு வா."

சற்று முன்பு வரை அவர் சந்தோஷமாகத்தான் இருந்தார். தேன்கனிக்கோட்டையில் பஸ் ஏறி, ராகி மாவும் அவரைக்காயும் சுமந்துகொண்டு ஓசூரிலிருக்கும் தம்பி விஜயகுமார் வீட்டுக்கு வந்திருந்தார். மகள் இங்கே தங்கித்தான் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அதே வகுப்பில் தம்பி மகன் ஹரீஷ்.

அவன்தான் ஓடி வந்து வாயைத் திறந்து காட்டினான்.

"பெரியப்பா, என் பல்லுக்கு கோட்டிங் போட்டிருக்காங்க. நீல லைட் அடிச்சாங்க."

"சொத்தையாடா?"

"சொத்தை இல்ல. வராம இருக்கறதுக்கு. பிரவீனா டாக்டர் ஸ்கூலுக்கு வந்து பாத்தாங்க. கடைவாய்ல புதுசா முளைச்ச பல்லுல பள்ளம் இருக்காம். அதுல சாப்பாடு மாட்டிக்குமாம். பள்ளத்தை மூடிட்டா சொத்தை வராதாம்."

"எனக்கும் பள்ளம் இருக்குன்னாங்கப்பா" என்றாள் தர்ஷினி. "சித்தி ஹரீஷை மட்டும்தான் கூட்டிட்டுப் போனாங்க."

அவள் புகாராகச் சொல்லவில்லை. சேதியாகத்தான் சொன்னாள். அதுதான் முனிவேலுக்குத் தைத்தது.

ஊரில் பள்ளிக்கூடத்துக்குக் காட்டு வழியாகப் போகவேண்டும். ரோட்டில் யானை நின்றால் அன்றைக்குப் படிப்பு கிடையாது. அதனால்தான் இங்கே கொண்டுவந்து விட்டார். விட்ட நாளிலிருந்து மனசு அரித்துக்கொண்டே இருந்தது. பெற்றவன் செய்ய வேண்டியதைத் தம்பி மனைவி தலையில் கட்டிவிட்டோமோ? நாம் இல்லாதபோது அவள் முகம் எப்படி இருக்குமோ?

சோற்றில் குறை வைக்கவில்லை. துணியில் குறை வைக்கவில்லை. அதெல்லாம் வெளியில் தெரியும். கடைவாய்க்குள் யார் பார்க்கப் போகிறார்கள்?

தர்ஷினி கொண்டுவந்த பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

டீயோடு வந்த தம்பி மனைவி காவேரி நின்றுவிட்டாள். "எங்கீங்க மாமா கிளம்பிட்டீங்க?"

"ஊருக்கு. அவளையும் கூட்டிக்கினு போறேன்."

விஜயகுமார் எழுந்து வந்தான். "என்னண்ணா இது, ஒரு பல்லுக்குப் போயி?"

"பல்லுக்கு இல்லடா."

விஜயகுமாருக்குப் புரிந்தது. மனைவி பக்கம் திரும்பினான். "ரெண்டு பேரையும் சேத்துக் கூட்டிட்டுப் போடின்னு சொன்னேனா இல்லையா? அடுத்த வாரம், அடுத்த வாரம்னு இழுத்தே. இப்ப நீயே பதில் சொல்லு."

"நாளைக்கு சாயங்காலம் தர்ஷினியைக் கூட்டிட்டு வர்றேன்னு டாக்டர்கிட்ட சொல்லியிருக்கேங்க மாமா" என்றாள் காவேரி. "அது முடியட்டும். அப்புறம் உங்க இஷ்டம்."

"நான் கேட்டதால சொல்றே."

"இல்லப்பா" என்றாள் தர்ஷினி. "சித்தி நேத்தே சொன்னாங்க. வலிக்காதாம்."

முனிவேல் கொஞ்சம் இறங்கி வந்தார். ஆனாலும் விடவில்லை. "அப்ப அன்னைக்கே இவளையும் கூட்டிக்கினு போறதுக்கு என்னம்மா?"

"உங்க தம்பியைக் கேளுங்க. பல்லுல பள்ளத்தை மூட சீலன்ட் வைக்கணும்னு டாக்டர் சொன்னாங்கன்னு இவர்கிட்ட வந்து சொன்னேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

விஜயகுமார் தலையைச் சொறிந்தான். "எங்க கம்பெனியில இன்ஜின் லைன்ல ஆயில் கசியாம இருக்க ஒரு பசை தடவுவோம்ணா. அதுக்கும் சீலன்ட்னுதான் பேரு. கையில பட்டா தோல் உரியும், வாயில வச்சா நாக்கு ஒட்டிக்கும்னு சும்மா விளையாட்டுக்கு..."

"உங்களுக்கு விளையாட்டு. எனக்குத் தூக்கம் போச்சு."

"டாக்டரையே கேக்கறதுதானே?" என்றார் முனிவேல்.

"கேட்டேங்க மாமா. இது வேற, அது வேறன்னு சிரிச்சாங்க. ஊசி கிடையாது, மிஷின் விட்டுக் குடையறது கிடையாது, வலிக்கவே வலிக்காதுன்னாங்க. எந்த டாக்டர் வலிக்கும்னு சொல்லியிருக்காங்க?"

முனிவேலுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டார்.

"வலிச்சதா?"

"ஒண்ணுமே இல்லீங்க. பல்லைச் சுத்தம் பண்ணி, பஞ்சு வச்சு, மருந்தைத் தடவி லைட் அடிச்சாங்க. நாலு இட்லி சாப்பிடற நேரம்கூட ஆகல. அன்னையிலருந்து பாத்துக்கிட்டே இருக்கேன். முறுக்கு கடிக்கறான், கரும்பு கடிக்கறான். வலிக்குதாடா, எரியுதாடான்னு கேட்டா என்னை முறைக்கறான்."

"தெனமும் கேக்கறாங்க பெரியப்பா" என்றான் ஹரீஷ். "தூங்கும்போதுகூட டார்ச் அடிச்சுப் பாக்கறாங்க."

முனிவேல் பையைத் தோளிலிருந்து இறக்கினார். பெரிய கனம் ஒன்றும் இல்லை அதில். ஆனாலும் மூட்டை இறக்கியது போல மூச்சு விட்டார்.

"உள்ள கொண்டுபோய் வை" என்று மகளிடம் கொடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்து டீயை வாங்கிக்கொண்டார். தம்பியை ஒரு முறை முறைத்தார். "உன் விளையாட்டுல கல்லைப் போட."

ஒரு வாய் குடித்தவர் நிமிர்ந்தார். ஒன்று மட்டும் அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

"அவ்ளோ பயந்தவ, எந்தத் தைரியத்துலம்மா ஹரீஷைக் கொண்டுபோய் உக்கார வச்சே? பெத்த புள்ளையாச்சே?"

காவேரி அவரை வினோதமாகப் பார்த்தாள்.

"பின்னே, நம்பி விட்டுட்டுப் போன புள்ளைய வச்சா மாமா பரீட்சை பண்ணிப் பாக்கறது?"