உள்ளே ஒரு குச்சி

“மாப்ள, நீங்க தொட்டீங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.”

“இல்ல மச்சான்” என்று ஒரே ஒரு முறை சொன்னான் அவன். பிறகு திறந்து கிடந்த வயலின் பெட்டிக்குள் பார்த்தான். அதற்கப்புறம் மறுத்துப் பேசவே இல்லை.

தங்கையை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போக வந்த அண்ணன் பெட்டியைத் தூக்கியபோதுதான் உள்ளே ஏதோ உருண்டது. திறந்தால், வயலினில் ஒரு தந்திகூட இல்லை. நாலையும் வளையமாகச் சுருட்டி ஒரு சின்னக் கறுப்பு கிளிப் கவ்விப் பிடித்திருந்தது. தந்திகளைத் தாங்கும் குதிரை, பழைய பருத்தித் துணியில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. வயலினை அசைத்தால் வயிற்றுக்குள் டொக் டொக்கென்று சத்தம்.

சவுண்ட் போஸ்ட் விழுந்துவிட்டது. பென்சில் கனத்தில் ஒரு மரக்குச்சி, அவ்வளவுதான். பசையும் கிடையாது, ஆணியும் கிடையாது. தந்திகள் மேலிருந்து அழுத்துவதால் உள்ளே நிற்பது. அது விழுந்தால் வயலினுக்கு வாய் போன மாதிரி. அதனால் நாலு தந்தியையும் ஒரே நேரத்தில் கழற்றவே கூடாது. எட்டு மாதமாக அவன் சொல்லிச் சொல்லி, அந்த வீட்டுச் சுவருக்குக்கூட இது மனப்பாடம்.

மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன் அவன். வயலின் ரிப்பேருக்குப் போகும்போதெல்லாம் மனைவி சோறு இறங்காமல் கிடப்பதைப் பார்த்து, சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்து இந்த வேலையைக் கற்றுக்கொண்டிருந்தான். வளைந்த கம்பி, பல் டாக்டர் கண்ணாடி, குட்டி டார்ச், பழகிப் பார்க்க ஒரு மட்ட வயலின். இதுவரை கைவைத்ததெல்லாம் அந்த மட்ட வயலினில்தான்.

ரயிலுக்கு ஒன்றேகால் மணி நேரம் இருந்தது. இரண்டு வருடம் ஊர் ஊராகப் போய் வாசிக்கும் இசைக்குழுவில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. சாயங்கால ஒத்திகைக்கு வயலினோடு போய் நிற்காவிட்டால், பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை, ரிப்பேர் கடையும் கிடையாது.

“இந்த வீட்ல இதைக் கழட்டத் தெரிஞ்சவர் யாரு? துணியில மடிச்சு வச்சிருக்கிற பக்குவத்தைப் பாருங்க” என்றான் அண்ணன். “அவ போறது பிடிக்கலேன்னா நேரா சொல்லியிருக்கலாமே. கூடவே இருந்து குழி பறிக்கணுமா?”

சன்னலோரம் நின்றிருந்த அவள், முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டே, “அவரை ஒண்ணும் சொல்லாதேண்ணா” என்றாள்.

அவன் தந்திகளை விடுவித்து மேசையில் வரிசையாக வைத்தான். கிளிப்பைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கருவிப் பெட்டியைத் திறந்தான்.

குச்சியைத் துளை வழியாகக் குலுக்கி எடுத்து, கம்பியின் கூர்முனையில் குத்தி, மெல்ல உள்ளே விட்டான். டார்ச் அண்ணனின் கையில்.

“ஆட்டாம பிடிங்க மச்சான்.”

“கை ஆடல. கோவம் ஆடுது.”

முதல் முறை குச்சி நிற்கவே இல்லை. இரண்டாவது முறை சாய்ந்து நிற்பதைக் கண்ணாடி காட்டியது; நிமிர்த்துவதற்குள் விழுந்தது. மூன்றாவது முறையும் டொக். ஒவ்வொரு தடவை விழுந்தபோதும் அவளிடமிருந்து ஒரு நீண்ட மூச்சு வந்தது.

“கேட்டுச்சா? உசிரு போய் உசிரு வருது அவளுக்கு” என்றான் அண்ணன்.

கிளம்ப வேண்டிய நேரத்துக்கு இருபது நிமிடம்தான் மிச்சம். வாசலில் டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்தார். அவன் நெற்றி வியர்வை மூக்கு நுனிக்கு வந்திருந்தது.

“விட்ருங்க, பரவாயில்ல” என்றாள் அவள். “நான் போகல.”

அவன் தலை நிமிர்ந்து அவளை ஒரு கணம் பார்த்தான். “எப்படிப் பரவாயில்லாம போகும்?” என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்தான்.

நாலாவது முறை குச்சி நேராக நின்றது. கம்பியை உருவினான். அப்போதும் நின்றது. குதிரையை வைத்து, தந்திகளை ஒவ்வொன்றாக மாட்டி, பிருடைகளை முறுக்கிச் சுருதி சேர்த்து, வயலினை அவளிடம் நீட்டினான். அவள் வில்லை ஒரே ஒரு தடவை இழுத்தாள். அறை முழுக்க நாதம் நிரம்பியது. அவள் கண்களும் நிரம்பின.

அண்ணனுக்கே தாங்கவில்லை. “முன்னவிட நல்லா கேக்குதே மாப்ள. கழட்டினதும் நீங்க, மாட்டினதும் நீங்க. சரிக்குச் சரியாப் போச்சு” என்று அவன் தோளைத் தட்டிவிட்டு, பெட்டி படுக்கைகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினான்.

அவள் மட்டும் கதவருகே நின்றாள்.

“அண்ணன் அவ்வளவு பேசிச்சு. ஏன் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லல?”

அவன் சட்டைப் பையிலிருந்து அந்தக் கறுப்பு கிளிப்பை எடுத்தான். காலையிலிருந்து அவள் முகத்தில் விழுந்துகொண்டே இருந்த முடியை ஒதுக்கிச் சேர்த்து, அதில் மாட்டிவிட்டான்.

“தந்தியைக் கழட்டின அவசரத்துல இதை அங்கேயே விட்டுட்டே. போற இடத்துல தேடுவே.”