மாவு பொங்கிய வீடு

"ஏன்னா, இன்னிக்கும் மாவு பொங்கலை. அரைச்சு மூணு நாளாச்சு, அரைச்ச மேனிக்கு அப்படியே உட்கார்ந்திருக்கு!" என்று பாமா பாத்திரத்தைக் கணவனின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

சேஷாத்ரி ஏணிமேல் நின்று, குளிர் புகாமலிருக்கக் கூரை இடுக்கில் கண்ணாடிப் பஞ்சைத் திணித்துக்கொண்டிருந்தான். கழுத்தில் மப்ளர், தலையில் குரங்குக் குல்லாய், கையில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஜோடி கையுறை. வீட்டைக் கதகதப்பாக வைப்பது எப்படி என்பதுதான் அவனுடைய டாக்டர் பட்ட ஆராய்ச்சி.

அதுவும் சாதாரண வீடு இல்லை. லடாக் மாதிரி உயரமான பாலைவனத்தில், பகலில் காய்ந்து ராத்திரியில் உறைந்துபோகும் பழைய ஒற்றைத்தள வீடு. லடாக்கை அவன் வரைபடத்தில்தான் பார்த்திருந்தான். மன்னார்குடியில் பிறந்து, ஜெர்மனியில் ஆஹெனுக்குப் படிக்க வந்தவன். அங்கே பாலைவனத்துக்கு எங்கே போவது? ஊர்க்கோடியில் குடியிருந்த பழைய வாடகை வீட்டையே சோதனைக்கு எடுத்துக்கொண்டான். வீட்டோடு சேர்த்துப் பெண்டாட்டியையும்.

"ஹீட்டரை ஒரு மணி நேரமாவது போடுங்கோளேன். விரலெல்லாம் மரத்துப்போறது."

"அதான் கூடாதுங்கறேன். அரபு தேசத்துல எண்ணெயை மூடிட்டா. நான் ஹீட்டரை மூடிட்டேன். இந்த இன்சுலேஷன் ஒண்ணே போறும்னு காட்டினா ப்ரொபசர் ஆடிப்போயிடுவார்."

"பிளாஸ்க்ல பச்சைத் தண்ணியை ஊத்தி மூடினா அது காபியாயிடுமா?"

சேஷாத்ரி பஞ்சை இன்னும் அழுத்தித் திணித்தான். வெப்பவியலில் கேள்வி கேட்கும் உரிமையை அவன் பி.ஏ. வரலாறு படித்தவர்களுக்குக் கொடுத்திருக்கவில்லை. சுவரில் தொங்கிய தெர்மாமீட்டர் ஒன்பது டிகிரி காட்டியது. அது கெட்டுப்போய்விட்டது என்று அவன் போன வாரமே முடிவு கட்டியிருந்தான்.

"பக்கத்தாத்து ஹில்கர்ஸ் அம்மாவைப் பாரு" என்று ஏணியிலிருந்தே கையைக் காட்டினான். "ஜன்னல்ல எல்லாம் விரல் நுழையற சந்து. அடுப்புல கரியைக் கொட்டிக் கொட்டி எரிக்கறா. தெருவுக்கே ஹீட்டர் போடற மகராசி! வீடா அது, சல்லடை."

பாமா ஜன்னல் வழியே அந்த வீட்டுப் புகைபோக்கியைப் பார்த்தாள்.

ஏணியை விட்டு இறங்கியதும் அவன் குரல் தணிந்தது. "ஞாயித்துக்கிழமை ப்ரொபசர் வரார், பாமா. அவர் கையெழுத்துப் போட்டாத்தான் ஸ்காலர்ஷிப் இன்னும் ஒரு வருஷம். இல்லேன்னா பட்டமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. மூட்டையைக் கட்டிண்டு ஊருக்குப் போகவேண்டியதுதான். அப்பா மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

அவனுக்கு உள்ளூரப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த நிமிஷமே முகம் மலர்ந்துவிட்டது.

"அவருக்கு இட்லி பண்ணிப் போடு! சூடு இல்லாம மாவு பொங்காது இல்லையா? பொங்கின மாவைவிடப் பெரிய ப்ரூஃப் எந்த லேபுல இருக்கு?"

"மாவு பொங்கினாப் போறுமா உங்களுக்கு?"

"போறும்."

"சரி, பொங்கும்" என்றாள் பாமா.

அன்றிலிருந்து அவளும் திருந்தித்தான் இருந்தாள். முன்போல் குளிருது, குளிருது என்று முனகுவதில்லை. ஜெர்மன் கற்றுக்கொள்கிறேன் என்று ஹில்கர்ஸ் அம்மாள் வீட்டுக்குத் தினமும் போய்வந்தாள். கன்னம்கூடச் சிவந்திருந்தது. இன்சுலேஷன் வேலை செய்கிறது என்று சேஷாத்ரி பூரித்துப்போனான்.

ஞாயிறு காலை அவன் போர்வைகளுக்குள்ளிருந்து வெளியே வருவதற்குள் பாமா மேஜைமேல் பாத்திரத்தை வைத்திருந்தாள். மாவு மூடியை முட்டித் தள்ளிக்கொண்டு நுரைத்து நின்றது.

"பார்த்தியா! பார்த்தியா!" என்று சேஷாத்ரி குதித்த குதியில் குல்லாய் கழன்று விழுந்தது. "யார் கெட்டிக்காரன்? இப்ப சொல்லு, யார் கெட்டிக்காரன்?"

"நீங்கதான்" என்றாள் பாமா.

எண்ணெய்த் தட்டுப்பாட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை என்பதால் பேராசிரியர் ஹார்ட்விக் சைக்கிளில் வந்து சேர்ந்தார். ஓவர்கோட்டைக் கழற்றப் போனவர், வீட்டுக்குள் இரண்டடி வைத்ததும் மறுபடி பொத்தான் போட்டுக்கொண்டார். இட்லியும் மிளகாய்ப் பொடியும் அவரை ஒருவழியாக உட்கார வைத்தன. ஐந்து இட்லி உள்ளே போனது.

"ஹீட்டர் இல்லை. கரி இல்லை. என் இன்சுலேஷன் ஒன்றுதான் இந்த மாவைப் பொங்க வைத்தது" என்று சேஷாத்ரி ஜெர்மனில் முழங்கினான். "என் மனைவியே சாட்சி."

மனைவி குனிந்து இட்லித் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கென்னவோ குளிர்கிறது" என்றார் பேராசிரியர். "ஆனால் மாவு பொய் சொல்லாது." பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

அப்போது வாசல் மணி அடித்தது. ஹில்கர்ஸ் அம்மாள் துணி சுற்றிய பெரிய பாத்திரம் ஒன்றை இரண்டு கையாலும் அணைத்தபடி உள்ளே வந்தாள். விளிம்பெல்லாம் வெள்ளையாக வழிந்துகொண்டிருந்தது.

"பாமா, இரண்டாவது பாத்திரத்தை மறந்துவிட்டாயே! என் கரி அடுப்பு ஓரத்தில் இது அதைவிட நன்றாகப் பொங்கிவிட்டது" என்றாள்.

பாமா கண்ணைக் காட்டினாள், கையைக் காட்டினாள். அந்த அம்மாள் அதையெல்லாம் கவனிக்காமல் சேஷாத்ரியிடம் திரும்பினாள்.

"உங்கள் மனைவி தங்கமான பெண். தினமும் வந்து என் அடுப்பு ஓரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். பாவம், ஒரு வார்த்தை ஜெர்மன்கூடக் கற்றுக்கொள்ளவில்லை."

பேராசிரியர் பேனாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார். சேஷாத்ரி பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"அம்மா, உங்கள் அடுப்பு ஓரத்தில் இன்னொரு நாற்காலி இருக்குமா?" என்றார்.