பெங்காலிக்கு ஒரு மூட்டை

"பெங்கால் பஞ்சத்துல ஜனங்க தெருவுல செத்து விழுறாங்கம்மா. ஒரு பிடி அரிசி போடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

ஜவுளிக்கடை சிவப்பிரகாசம் வீடு வீடாக ஏறி இறங்கினார். தினம் பேப்பர் படிப்பவர். மற்றவர்கள் மாதிரி வங்காளம் என்று சொல்ல மாட்டார். ஊர் பெங்கால். அங்கே இருப்பவன் பெங்காலி.

திருத்தணியில் அவர் ஏறாத வீடு ஒன்றே ஒன்று. நெசவு வேடியப்பன் வீடு. அவர் சித்தப்பா மகன். சொந்தப் பங்காளி.

கூட வந்த ராஜகோபால் தபால் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றவர். வாய் மட்டும் ஓயவில்லை.

"ஏன் முதலியாரே, இந்த வீட்டைத் தாண்டிப் போறீங்க?"

"அங்க என்ன இருக்கு, குடுக்க?"

"தெரியுதில்ல? நூல் கிடைக்காம தறி நின்னு போச்சு. ரஞ்சிதம் பிள்ளைங்களுக்கு முருங்கைக் கீரையை அவிச்சுப் போடுது. முகம் தெரியாதவனுக்கு மூட்டை கட்டுறீங்க. பக்கத்து வீட்ல சோத்துக்கு உலை ஏறல."

"பெங்காலி எவனும் எங்கிட்ட காவடிச் சண்டைக்கு வரல."

ஆடிக் கிருத்திகைக்கு மலைப்படியில் யார் காவடி முன்னால் ஏறுவது என்று தொடங்கிய சண்டை. முருகனே மறந்திருப்பார். இவர்கள் மறக்கவில்லை. எதிரில் நின்றாலும் பேச்சு கிடையாது.

"அதுக்காகப் பசியில விட்டுடறதா?"

"நீங்கதான் கேவுரு மாவு அனுப்பினீங்களே, வாங்கினானா?"

"திருப்பி அனுப்பிட்டான். பிச்சை எடுக்கற குடும்பமில்லன்னான்."

"அப்ப பேசாம வாங்க."

மூட்டை நிரம்பியது. பள்ளிப்பட்டு வண்டிக்காரன் பங்காருவை வரச்சொல்லி ஏற்றினார்கள்.

"நாங்க முன்னால ஸ்டேஷனுக்குப் போறோம். மூட்டை யாருக்குன்னு சொன்னேனில்ல?" என்றார் சிவப்பிரகாசம்.

"ஆங், சொன்னீங்க முதலாளி."

ஸ்டேஷனில் நிவாரணக் கமிட்டிக்காரர்கள் காத்துக் கிடந்தார்கள். வெகு நேரம் கழித்துப் பங்காருவின் மாட்டுவண்டி வந்தது. காலியாக.

"மூட்டை எங்கடா?"

"பங்காளி வூட்ல எறக்கிட்டேங்க."

"எந்தப் பங்காளி?"

"உங்க பங்காளிதாங்க. வேடியப்பன்."

"மடையா! பெங்காலிடா! பெங்காலி!"

"என் காதுல பங்காளின்னுதாங்க வுழுந்துச்சு."

கூட்டம் சிரித்தது. ராஜகோபாலுக்குச் சிரிப்பில் புரையேறியது.

"அவன் காது நல்லாத்தான் இருக்கு முதலியாரே. முருகன்தான் புடிச்சுத் திருகி விட்டிருக்கான்."

சிவப்பிரகாசம் வண்டியைத் திருப்பச் சொன்னார். கூட்டமும் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே வந்தது.

நூல் தேடிப் பொதட்டூர்பேட்டை போன வேடியப்பன் அப்போதுதான் வெறுங்கையோடு திரும்பியிருந்தார். மூட்டையை வாசலுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்.

"பங்காரு, அந்த ஆள்கிட்ட சொல்லு. எனக்கு எவன் பிச்சையும் வேணாம்."

"பங்காரு, அவன்கிட்ட சொல்லு. அவனுக்கு எவனும் குடுக்கல. இது பெங்காலிக்கு."

"அப்ப எடுத்துகினு போகச் சொல்லு."

இருவருக்கும் நடுவில் ஒரு கை தூரம். பங்காரு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான்.

சிவப்பிரகாசம் மூட்டையில் கை வைத்தார். சட்டென்று நின்றார். மூட்டையின் வாய் அவிழ்ந்திருந்தது. வீட்டுக்குள்ளிருந்து சோறு வேகும் வாசனை வந்தது.

"உலையில போட்டாச்சா?"

வேடியப்பன் மனைவி ரஞ்சிதம் நகரியிலிருந்து வாழ வந்தவள்; கணவனின் அண்ணனை அந்த ஊர் வழக்கப்படி 'பாவா' என்பாள். கதவுக்குப் பின்னாலிருந்து பதில் சொன்னாள்.

"பொங்குது பாவா. நீங்கதான் அனுப்பினீங்கன்னு நெனச்சுட்டேன். பிள்ளைங்க அடுப்பையே பார்த்துகினு உக்காந்திருக்குதுங்க..."



சிவப்பிரகாசம் தலையில் அடித்துக்கொண்டார்.

"கெட்டுது போ! உலைக்கு அள்ளின மூட்டை மறுபடி வாசப்படி தாண்டினா வீட்டுக்கு ஆகுமா? இவன் வீட்டுக்கு ஆகலைன்னா எனக்கென்ன? பங்காளியாப் பொறந்து தொலைச்சேனே! இங்க தீட்டுன்னா எனக்கும் தீட்டு. இங்க கேடுன்னா என் வீட்டுக்கும் கேடு. பங்காரு, மூட்டையை உள்ள தள்ளச் சொல்லு. என் பிள்ளை குட்டிங்க நல்லா இருக்கணும்!"

வேடியப்பன் சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தார். இதற்கு மேல் மறுத்தால், பங்காளி குடும்பத்துக்குக் கேடு நினைத்தவன் என்று ஊர் பேசும்.

மூட்டையை உள்ளே தள்ளினார்.

"ஊர் ஜனம் பெங்காலிக்குன்னு போட்ட அரிசி. போய்ச் சேர்ந்துதானே ஆகணும்?" என்று கத்திக்கொண்டே சிவப்பிரகாசம் தன் வீட்டுக்குள் போனார். சொந்தக் குதிரிலிருந்து ஒரு மூட்டை வந்து வண்டியில் ஏறியது.

"பங்காளிக்கு அழமாட்டேன்னீங்க. இப்ப ரெண்டு பேருக்கும் அழறீங்க. நல்லா வேணும்!" என்றார் ராஜகோபால். அவருக்குப் பரம திருப்தி. வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். கூட்டமும் கலைந்தது.

இந்த முறை வண்டியில் சிவப்பிரகாசமும் ஏறி உட்கார்ந்தார். தெருமுனை தாண்டியதும் பங்காரு பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"நீங்க சொன்னாப்பலவே, உலை கொதிக்கிற வரைக்கும் நின்னுட்டுத்தாங்க வண்டியைக் கெளப்பினேன்."

"ம்."

"அடுத்த மூட்டைக்கும் எனக்குக் காது கேக்காதுங்களா, முதலாளி?"

"அவன் தறிக்கு நூல் வர்ற வரைக்கும் கேக்காது. மாட்டை ஓட்டு."