ஜெர்மனிக்கு ஜோடியாக

காபித் தட்டை வைத்த பிறகும் குனிந்த தலை நிமிரவே இல்லை. மேனாம்பேட்டிலிருந்து நெமிலிச்சேரிவரை சம்பந்தம் பேச வந்தது வீண்போகவில்லை என்று ஞானகுமாரிக்குத் தோன்றியது.

“இன்னா கண்ணு படிக்கிற?”

“பி.எஸ்சி. நர்சிங், கடைசி வருஷம் ஆன்ட்டி.”

“அப்பறம்?”

“ரெண்டு வருஷம் இங்கயே ஆஸ்பத்திரி வேலை. கூடவே ஜெர்மன் கிளாஸ். படிப்புக் கடன அடைச்சிட்டு ஜெர்மனி.”

“கடன யாரு அடைக்கிறது?”

“நானேதான் ஆன்ட்டி. யார் தலைலயும் கட்ட மாட்டேன்.”

“நைட் டூட்டி வந்தா சமையலு?”

“செஞ்சி வெச்சிட்டுப் போவேன்.”

ஞானகுமாரி காபியை உறிஞ்சினாள். சர்க்கரை கனகச்சிதம்.

“கல்யாணத்துக்கு அப்பறமும் வேலைக்குப் போலாம், நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம். ஆனா ஜெர்மனிக்குத் தனியா அனுப்ப மாட்டோம். ஜோடியாத்தான் போவணும்.”

“சரிங்க ஆன்ட்டி.”

சமையலறையிலிருந்து அந்த வீட்டு அம்மா பெருமையோடு எட்டிப் பார்த்தாள். “காபிகூட எங்க ஷெர்வின் போட்டதுதான். அவன் கைப்பக்குவமே தனி!”

ஞானகுமாரி பக்கவாட்டில் திரும்பினாள். ஆபீசிலிருந்து நேராக வந்த மகள், கழுத்தில் தொங்கும் கம்பெனி அட்டையோடு கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“இன்னா ஃபெபி, பையனப் புடிச்சிருக்கா?”

ஃபெபி போனிலிருந்து நிமிர்ந்து ஷெர்வினை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஊட்டுக்குப் போயி சொல்லி அனுப்பறோம்.”