பொங்காத மா

கள்ளுத் தவறணைப் படலையால் சீவரத்தினம் வெளியே வந்தபோது அவன் கையில் நிறைந்த போத்தில் ஒன்று இருந்தது. பஸ்ஸால் இறங்கிய பாலேஸ்வரி, தங்கையின் புருஷனைக் கண்டதும் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினாள்.

“அப்பத்துக்கு, மச்சாள். மா புளிக்க வைக்க.”

“நாள் தவறாமல் இங்கை வாறீராம். கிழமையிலை ஏழு நாளும் அப்பமோ?”

அவன் போத்திலை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தான். அந்தக் கள்ளு நாற்றம் பாலேஸ்வரிக்குத் தகப்பனை நினைப்பூட்டியது. அப்பு குடித்துவிட்டு வாந்தியெடுத்த பாயைச் சின்ன வயதில் அக்காவும் தங்கையுமாய்க் கிணற்றடியில் எத்தனை நாள் தேய்த்துக் கழுவியிருப்பார்கள்! எத்தனை வாளி அள்ளி ஊற்றினாலும் அது போகாது.

அன்றிரவு தங்கை வீட்டில் படுத்தவள், விடிய எழும்பிக் குசினிக்குள் போனாள். அங்கேயும் அதே புளித்த நாற்றம். மூலையில் வெறும் போத்தில் உருண்டு கிடந்தது.

தங்கை இரத்தினம்மா அப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள். கள்ளு விட்ட மா என்றால் ஓர் இரவிலேயே நுரைத்து, சட்டி விளிம்புவரை பொங்கி நிற்கும். சுடும்போது அந்த நுரை வெடித்து, அப்பத்தின் நடுவில் கண்கண்ணாய் ஓட்டை விழும். சாப்பாட்டுக் கோப்பையில் கிடந்ததோ ரொட்டிபோலத் தட்டையாய், ஒரு கண்கூட இல்லாமல் இருந்தது.

‘இவளுக்கு அப்பமும் சுட வராது’ என்று நினைத்தபடி பாலேஸ்வரி அதைத் தள்ளி வைத்தாள்.

“இரத்தினம், உடுப்பை எடு. கோப்பாய்க்கு, எங்கடை வீட்டை போவம். பஸ் ஓடாட்டில் நடப்பம். அப்புவோடை அம்மா பட்டது காணும். நீயும் ஒரு குடிகாரனுக்குப் பாய் கழுவ வேண்டாம்.”

சீவரத்தினம் வாசலில் வந்து நின்றான்.

“ஓம் மச்சாள், நான்தான் குடிக்கிறனான். இனித் தொடமாட்டன். அவளை மட்டும் கூட்டிக்கொண்டு போகாதையுங்கோ.”

“தூ! சொல்ல வெக்கமில்லை உமக்கு?” பாலேஸ்வரி முற்றத்தில் காறித் துப்பினாள். “உம்மடை மூஞ்சையைப் பாக்கவே அருவருப்பாக் கிடக்கு.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

இரத்தினம்மா அடுப்பை அணைத்தாள். மாச்சட்டியைத் தூக்கி வந்து அக்காவின் காலடியில் வைத்தாள். அவள் மூச்சிலும் அதே புளித்த நாற்றம் அடித்தது.

“அவரைப் பேசாதையுங்கோ, அக்கா. அவர் மாவுக்கெண்டுதான் வாங்கித் தாறவர். நான்தான் அதுக்குள்ளை விடுறேல்லை.”