வீட்டில் இல்லாத கணினி

தினமும் காலை பத்து மணிக்கு, குடும்பம் நடத்துவது எப்படி என்று சிதம்பரநாதன் இணையத்தில் ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பார். ஒரு வாரமாக, பேச்சு களைகட்டும் நேரம் பார்த்து இணைப்பு அறுந்துவிடுகிறது. இன்று வந்திருப்பவன் மூன்றாவது மெக்கானிக்.

"சார், உங்க கம்ப்யூட்டரோட ஐபி நம்பரையே வீட்டுல இன்னொரு கம்ப்யூட்டரும் வச்சிருக்கு. ரெண்டும் மோதிக்குது, அதான் லைன் கட் ஆகுது."

"இன்னொண்ணு ஏதுப்பா? மருமக ஒண்ணு வச்சிருந்தா. வேலைக்குப் போய்க் கிழிச்சது போதும்னு நிறுத்தினப்பவே அதையும் விக்கச் சொல்லிட்டேன்."

நெட்வொர்க் கம்பெனியில் ஆறு வருடம் வேலை பார்த்த தேன்மொழி, சமையலறையில் நிதானமாக வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய பீரோவில், கல்யாணப் பட்டுப்புடவைக்கு அடியில், விற்காத அந்த மடிக்கணினி சூடாகிக்கொண்டிருந்தது.

"வேற நம்பர் போட்டுட்டேன் சார். இனிமே கட் ஆகாது. கடைசில நாப்பத்தேழு. எங்கயாவது எழுதி வச்சுக்குங்க."

சிதம்பரநாதன் சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"தேன்மொழி, இங்க வந்து இந்த நம்பரைக் குறிச்சு வைம்மா. எனக்கு மறந்துபோயிடும்."

அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி வந்து, திரையைப் பார்த்தாள்.

"எனக்கு மறக்காது மாமா."