பதினைந்து அடி

திலகவதிக்கு அந்த நீண்ட லென்ஸ்தான் பிடிக்கும். எவ்வளவு தூரத்து யானையையும் கைக்கெட்டும் இடத்துக்குக் கொண்டுவந்துவிடும். பதினைந்து அடிக்குள் இருப்பதை மட்டும் அது தெளிவாகக் காட்டாது. ஒற்றைக்கொம்பன் என்ற ஆண் யானை ஓடையைக் கடந்து வந்தபோதும் அவள் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. துதிக்கை, கொம்பு, நெற்றியில் காய்ந்த சேறு என்று எடுத்துக்கொண்டே இருந்தாள்.

“அக்கா, போதும். வாங்க,” என்றான் காட்டுக்குள் வழிகாட்டி வந்த காளன்.

“இருப்பா, இன்னும் ஒண்ணே ஒண்ணு.”

அதன்பின் அவன் கூப்பிடவில்லை. கேமராவுக்குள் எல்லாம் சாம்பல் நிறமாக மங்கியது. லென்ஸ் முன்னும் பின்னும் நகர்ந்து திணறியது.

“காளா, ஃபோகஸே ஆக மாட்டேங்குது.”

அப்போதுதான் அவளுக்குப் பதினைந்து அடி நினைவுக்கு வந்தது. கண்ணை எடுத்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை. லென்ஸின் மறுமுனையை ஏதோ மெல்லத் தடவி முகர்ந்தது.